நீளமான ஆங்கிலச் சொல்லா? வாலைப் பாருங்கள்

ரெஸ்பான்சிபிலிட்டி, அட்மினிஸ்ட்ரேஷன், அகாமடேஷன் மாதிரி ஒரு சொல் வாக்கியத்தின் நடுவில் வந்தால் பலர் அதை வேகமாக உருட்டிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் எழுத்துக்கூட்டிப் படிப்பது போல ஒவ்வொரு துண்டையும் ஒரே கனத்தில் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டு விதத்திலும் எதிரே இருப்பவருக்குச் சொல் போய்ச் சேராது. இலக்கணம் சரியாக இருக்கும், தேர்ந்தெடுத்த சொல்லும் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் "பார்டன்?" என்று கேட்பார். உடனே நம் உச்சரிப்பில் தமிழ் வாடை அடிக்கிறதோ என்று கூசிப்போகிறோம். பெரும்பாலும் காரணம் அது இல்லை, அழுத்தம் தப்பான அசையில் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. பொதுவாக முதல் அசை கொஞ்சம் எடுப்பாக இருக்கும், மற்றவை குறில் நெடில் கணக்குப்படி வந்துபோகும். அதே பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லுக்கும் தலையில் கனத்தை ஏற்றிவிடுகிறோம். ஆனால் ஆங்கிலத்தின் நீளமான சொற்களில், அதிலும் லத்தீன், கிரேக்க வழியாக வந்தவற்றில், கனம் எங்கே விழும் என்பதைப் பெரும்பாலும் சொல்லின் வால்தான் முடிவு செய்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் இதுவரை கேட்டே இராத சொல்லைக்கூடத் துணிந்து வாய்விட்டுப் படிக்கலாம்.

ஒரு குறிப்பு. கீழே அசைகளைச் சிறு கோட்டால் பிரித்திருக்கிறேன், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற குறி இருக்கும். அகராதிகளிலும் இதே குறிதான், இதே இடத்தில்தான். தமிழ் எழுத்தில் ஆங்கில ஒலியை முழுசாகக் காட்ட முடியாது, அதனால் படித்துவிட்டு ஒருமுறை ஒலியையும் கேட்டுவிடுங்கள்.

முதலில் எண்ணுங்கள்

ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. பள்ளியில் படித்த நேரசை, நிரையசைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள், நிரையசையில் இரண்டு உயிர் வரும், இங்கே வராது. எண்ண வேண்டியது காதில் விழும் உயிரொலியை, தாளில் இருக்கும் எழுத்தை அல்ல. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லில் ஆங்கில எழுத்து ஒன்பது, அசை ஒன்றே ஒன்று. 'ஏரியா' என்பதில் எழுத்து நான்கு, அசை மூன்று: ˈஏ-ரி-அ.

தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், தாடை எத்தனை முறை கீழே வந்து கையைத் தொடுகிறதோ ஏறக்குறைய அத்தனை அசை. ஈ, ஊ மாதிரி ஒலிகளில் தாடை அவ்வளவாக இறங்காது, அங்கே விரலால் மேசையில் தட்டி எண்ணுவதுதான் நல்லது.

எண்ணும்போது நாம் சேர்த்துவிடும் அசைகளைக் கவனிக்க வேண்டும். தமிழ் நாக்கு மெய்க்கூட்டத்தை விரும்பாது. ஸ்கூலை இஸ்கூல் ஆக்கும், ஃபில்ம் என்ற ஓரசைச் சொல்லை ஃபிலிம் என்று ஈரசை ஆக்கும், பாயிண்ட்டு, ரெஸ்பெக்ட்டு என்று கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டும். அப்புறம் இறந்தகால வினைகள். டகரத்திலோ அதன் மென்மையான ஒலியிலோ முடியும் வினைக்கு மட்டும்தான் இறந்தகால விகுதி ஒரு புது அசையைச் சேர்க்கும்: வான்ட் ஓரசை, வான்-டட் ஈரசை. மற்றவற்றில் சேர்க்காது. வொர்க்ட், ஆஸ்க்ட் ஓரசைதான், வொர்க்கெட் என்று சொல்லக் கூடாது. டி-ˈவெ-லப்ட் என்பதும் மூன்று அசைதான், நான்கு அல்ல.

எதிர்ப்பக்கமும் உண்டு. எழுத்தில் இருந்தும் பேச்சில் காணாமல் போகும் அசைகள். நாம் கம்ஃபர்ட்டபிள் என்று நான்கு அசையில் நிதானமாகச் சொல்லும் சொல்லை அவர்கள் பெரும்பாலும் ˈகம்ஃப்-ட-பிள் என்று மூன்றில் முடித்துவிடுகிறார்கள். வெஜிடபிள் ˈவெஜ்-ட-பிள் ஆகிறது, சாக்லேட் ˈசாக்-லட் ஆகிறது, டெம்பரேச்சர் ˈடெம்-ப்ர-ச்சர் ஆகிறது. இவை விதியில் அடங்காது, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியவை. நல்லவேளை, பட்டியல் சிறியது.

எங்கே வெட்டுவது

இதில் நிறையப் பேர் தேவைக்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் வந்தால் அது பெரும்பாலும் அடுத்த அசையோடு போகும். இரண்டு மெய் வந்தால் நடுவில் வெட்டலாம். ச், ஷ், த், ஃப் ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து சேர்ந்து வந்தால் அந்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது. டேபிள், பாட்டில் மாதிரிச் சொற்களின் கடைசி லகரம் முன்னால் உள்ள மெய்யைச் சேர்த்துக்கொண்டு தனி அசையாக நிற்கும். இவ்வளவு தெரிந்தால் போதும். வெட்டு ஒரு மெய் முன்னே பின்னே போனால் கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை, அசையின் எண்ணிக்கை தப்பினால்தான் தெரியும்.

மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் தலைச்சொல்லின் நடுவே புள்ளி வைத்துப் பிரித்திருப்பதை அசை என்று நினைத்து ஏமாற வேண்டாம். அது அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டும் புள்ளி. 'அபௌட்' பேச்சில் ஈரசைதான், ஆனால் ஒற்றை எழுத்தை மட்டும் வரியின் கடைசியில் விடக் கூடாது என்பதால் அங்கே புள்ளியே இருக்காது. பார்க்க வேண்டியது பக்கத்தில் உள்ள ஒலிக்குறிப்பை.

எழுத்துகளைப் பார்த்து வெட்டுவதைவிட நல்ல வழி, முன்னொட்டையும் பின்னொட்டையும் கழற்றுவது. 'அன்பிரெடிக்டபிலிட்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கிறது. அடியில் இருப்பது ப்ரி-ˈடிக்ட், ஈரசை, அழுத்தம் இரண்டாவதில். அதோடு 'ஏபிள்' சேர்ந்தால் ப்ரி-ˈடிக்-ட-பிள், அழுத்தம் நகரவில்லை. அடுத்து 'இட்டி' சேர்கிறது, உடனே அழுத்தம் இடம் மாறி அந்த வாலுக்கு முன் அசைக்குப் போய்விடுகிறது: ப்ரி-டிக்-ட-ˈபி-ல-டி. முன்னால் ஓர் 'அன்' ஒட்டினால் அன்-ப்ரி-டிக்-ட-ˈபி-ல-டி, மொத்தம் ஏழு அசை. 'அன்' வந்ததால் அழுத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 'ஏபிள்' அழுத்தத்தைத் தொடாமல் விட்டதையும் 'இட்டி' இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தீர்களா? எந்த வால் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் முழு விஷயமும்.

இழுக்கும் வால்கள்

தனக்கு ஒட்டி முன்னால் உள்ள அசைக்கு அழுத்தத்தை இழுத்துவரும் வால்கள்தான் அதிகம், அதிகப் பயனும் அவற்றில்தான்.

'ஷன்' என்ற ஒலியில் முடிபவை எல்லாம் இதில் சேரும், எழுத்து எப்படி இருந்தாலும் சரி. எ-ஜு-ˈகே-ஷன், ரெ-ஜி-ˈஸ்ட்ரே-ஷன், அ-கா-ம-ˈடே-ஷன், அட்-மி-னி-ˈஸ்ட்ரே-ஷன். சொல்லுக்கு எவ்வளவு நீளம் இருந்தாலும் 'ஷன்'னுக்கு முந்தைய அசையைப் பிடித்தால் தப்பவே தப்பாது என்று சொல்லுமளவுக்கு உறுதியான விதி இது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரம் இந்த ஒரு வாலை மட்டும் வைத்துப் பழகினாலே பேச்சில் மாற்றம் தெரியும், ஏனென்றால் அலுவலகத்திலும் தேர்விலும் இந்தச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

'இக்', 'இக்கல்', 'இட்டி', 'இயல்', 'இயஸ்' எல்லாம் இதே குணம். ˈஇன்-டஸ்-ட்ரி என்று முதல் அசையில் இருந்த அழுத்தம் இன்-ˈடஸ்-ட்ரி-அல் என்னும்போது இரண்டாவதுக்கு வருகிறது. மின்சாரக் குடும்பத்தில் இ-ˈலெக்-ட்ரிக் என்பது இ-லெக்-ˈட்ரி-ஸி-டி ஆகிறது, அந்த வேலை செய்பவர் இ-லெக்-ˈட்ரி-ஷன் ஆகிறார். இதைவிட அழகான குடும்பம் அரசியலுடையது: ˈபா-ல-டிக்ஸ், ப-ˈலி-டி-கல், பா-ல-ˈடி-ஷன். அழுத்தம் முதல் சொல்லில் முதல் அசையிலும், இரண்டாவதில் இரண்டாவதிலும், மூன்றாவதில் மூன்றாவதிலும் நிற்கிறது. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பத்து தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் நகர நகர அதே 'பா' எப்படி 'ப' என்று சுருங்குகிறது, அதே 'ல' எப்படி 'லி' என்று விழித்துக்கொள்கிறது என்பதை உங்கள் வாயே உணரும்.

இதில் ˈபா-ல-டிக்ஸ் விதிக்கு அடங்காததையும் கவனித்திருப்பீர்கள். 'இக்' வாலுக்கு அப்படிச் சில விலக்குகள் உண்டு: அரபிக், கத்தோலிக் இரண்டும் முதல் அசையில், கணக்குப் பாடத்தைக் குறிக்கும் அ-ˈரித்-ம-டிக் இரண்டாவதில்.

'லஜி', 'கிராஃபி' என்று முடியும் படிப்புப் பெயர்களில் அழுத்தம் கடைசியிலிருந்து எண்ணினால் மூன்றாவது அசையில் இருக்கும்: டெக்-ˈநா-ல-ஜி, கார்-டி-ˈஆ-ல-ஜி, ஃப-ˈடாக்-ர-ஃபி. அளக்கும் கருவிகளும் அப்படியே. நாம் எல்லோரும் தெர்மாமீட்டர் என்று நான்கு அசையையும் நீட்டிச் சொல்வதை அவர்கள் தர்-ˈமா-மி-டர் என்கிறார்கள், 'மீ' என்ற நெடிலே அங்கே இல்லை. காற்றழுத்தத்தை அளக்கும் பாராமீட்டர் ப-ˈரா-மி-டர். கருவிக்குத்தான் இந்த விதி, அளவுக்கு அல்ல, சென்டிமீட்டர் ˈஸென்-டி-மீ-டர்தான். கிலோமீட்டரை இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

மருத்துவத் துறைக்குப் போகிறவர்களுக்கு 'ஓசிஸ்' வால் முக்கியம். அதில் அழுத்தம் அந்த 'ஓ' ஒலி வரும் அசையிலேயே விழும்: டை-அக்-ˈநோ-ஸிஸ், ட்யூ-பர்-க்யூ-ˈலோ-ஸிஸ். ஆங்கில அகராதிகளில் 45 எழுத்துள்ள ஒரு நுரையீரல் நோயின் பெயர் இருக்கிறது, மிக நுண்ணிய சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பதால் வருவது, ஆங்கிலத்தில் மிக நீளமான சொல்லாக வேண்டும் என்றே 1930களில் உருவாக்கியது. நியூ-மோ-நோ-அல்-ட்ரா-மைக்-ர-ஸ்கா-பிக்-ஸி-லி-கோ-வால்-கே-நோ-கோ-நி-ˈஓ-ஸிஸ். அசை பத்தொன்பது. யாரும் தினமும் சொல்லப்போவதில்லை, ஆனால் அதிலும் முதன்மை அழுத்தம் எங்கே என்று கேட்டால் வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மற்ற வால்கள்

சில வால்கள் அழுத்தத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். 'ஈ', 'இயர்', 'ஈஸ்' என்று முடிபவை: ரெ-ஃப்யூ-ˈஜீ, வா-லன்-ˈடியர், ஜா-ப-ˈநீஸ். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கும் இன்ஜினியர் இதில்தான் வருகிறார், என்-ஜி-ˈநியர், அழுத்தம் கடைசியில். க-ˈமி-டி மாதிரிச் சில சொற்கள் மட்டும் இதற்கு விலக்கு.

'ஏட்' என்று முடியும் வினைகளில், மூன்று அசையோ அதற்கு மேலோ இருந்தால், கடைசியிலிருந்து மூன்றாவது அசை: க-ˈம்யூ-னி-கேட், அ-ˈப்ரீ-ஷி-ஏட், ˈகான்-ஸன்-ட்ரேட். இதே எழுத்துகள் பெயர்ச்சொல்லின் கடைசியில் வரும்போது பெரும்பாலும் 'ஏட்' என்ற முழு ஒலி இருக்காது, 'அட்' என்று சுருங்கிவிடும். பட்டம் பெறுவது ˈக்ரா-ஜு-ஏட், பட்டதாரி ˈக்ரா-ஜு-அட். நாம் சர்டிஃபிகேட் என்று சொல்வது ஸர்-ˈடி-ஃபி-கட். தமிழர் வாயில் அதிகம் திருத்த வேண்டிய சொல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், தலையில் ஒரு தப்பு, வாலில் ஒரு தப்பு, அதுவும் நேர்முகத் தேர்வு தொடங்கும்போதே வரும் சொல்.

எதையும் தொடாத வால்கள் 'மென்ட்', 'நெஸ்', 'ஃபுல்', 'லெஸ்', 'லி', 'இங்', 'ஷிப்'. அடிச்சொல்லில் அழுத்தம் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். டி-ˈவெ-லப் என்றால் டி-ˈவெ-லப்-மன்ட், டி-ˈவெ-ல-பிங். நாம் 'டெ'யில் குத்தி டெவலப்மென்ட் என்கிறோம். 'ஏபிள்' பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் கம்-ˈபேர், ˈகாம்-ப-ர-பிள் ஆவதும் அட்-ˈமையர், ˈஆட்-மி-ர-பிள் ஆவதும் உண்டு.

ஈரசைச் சொற்களில் பெயருக்கு முதல் அசை, வினைக்கு இரண்டாவது அசை என்று மாறும் ஜோடிகள் இருக்கின்றன, ˈரெ-கார்ட், ரி-ˈகார்ட் போல. பர்மிட், இம்போர்ட், ஆப்ஜெக்ட் எல்லாம் அப்படித்தான். நீளச் சொற்களுக்கு இது அவ்வளவாக உதவாது என்பதால் மேலே போகலாம்.

மற்ற அசைகளைச் சுருக்குங்கள்

அழுத்த வேண்டிய அசை தெரிந்தாயிற்று. இப்போது பலர் செய்வது என்னவென்றால் அந்த அசையைச் சத்தமாகச் சொல்கிறார்கள், மற்றவற்றையும் முழுசாகவே சொல்கிறார்கள். அது பாதி வேலை. அழுத்தம் என்பது அந்த அசை கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் உரத்து, குரலின் சுருதியும் அங்கே ஏறுவது. அதைவிட முக்கியம், பக்கத்தில் உள்ளவை மெலிவது. குற்றியலுகரம் படித்தவர்களுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. 'நாடு' என்னும்போது கடைசி உகரத்தை முழுசாகவா சொல்கிறோம்? அரை மாத்திரையாகக் குறுக்கிவிடுகிறோம், உதடுகூடச் சரியாகக் குவிவதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத எந்த உயிருக்கும் இந்தக் கதி வரலாம். அப்படிக் குறுகி நிற்கும் ஒலிக்கு ஷ்வா என்று பெயர், அகராதியில் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஆங்கில எழுத்தாகத் தெரியும். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். அகராதியில் அந்தக் குறி இருக்கும் அசையை வாயைத் திறக்காமல், சோம்பலாக, ஒரு குறுகிய 'அ' போலச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அழுத்தும் அசை குறிலாக இருந்தால் அது குறிலாகவே இருக்கட்டும். ஸர்-ˈடி-ஃபி-கட் என்பதை ஸர்டீஃபிகட் என்று நெடிலாக்கிவிடாதீர்கள். அங்கே சுருதியை ஏற்றினால் போதும்.

முதன்மை அழுத்தத்துக்கு முன்னால் இரண்டு, மூன்று அசை இருந்தால் அதில் ஒன்றுக்கு லேசான இரண்டாம் அழுத்தம் கிடைக்கும். அகராதியில் அதன் கோடு மேலே இல்லாமல் கீழே இருக்கும். இன்-டர்-ˈநா-ஷ-னல் என்பதில் முதல் 'இன்'னுக்கு அந்த லேசான எடுப்பு உண்டு. இதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டியதில்லை, நீளமான சொல்லை நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

பழகும் முறை

பின்னாலிருந்து கட்டுங்கள். மொழி ஆசிரியர்கள் நெடுநாளாகக் கையாளும் முறை இது, நீளச் சொற்களுக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. ரெஸ்பான்சிபிலிட்டியை எடுத்துக்கொள்வோம். முதலில் 'ல-டி' என்று மட்டும் சொல்லுங்கள், தாழ்ந்த குரலில், அழுத்தமே இல்லாமல். அடுத்து 'ˈபி-ல-டி', இப்போது 'பி'யில் சுருதி ஏற வேண்டும், அடுத்த இரண்டும் சரிந்து இறங்க வேண்டும். இது நாக்கில் படிந்த பிறகு 'ஸ-ˈபி-ல-டி', அந்த 'ஸ' கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக. அப்புறம் 'ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி', கடைசியாக 'ரி-ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி'. இப்படிக் கட்டும்போது அழுத்த வேண்டிய அசை ஒவ்வொரு சுற்றிலும் வாயில் வருகிறது, தலையிலிருந்து தொடங்கினால் அங்கே போய்ச் சேர்வதற்குள் மூச்சும் தைரியமும் தீர்ந்துவிடும். பிறகு சொல்லை விட்டுவிட்டு அதன் தாளத்தை மட்டும் 'ம்'மென்று முனகிப் பாருங்கள், எழுத்து எதுவும் குறுக்கே வராததால் காது அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். முனகல் சரியாக வந்ததும் சொல்லை ஒரு வாக்கியத்தில் வையுங்கள், தனியாகச் சொல்லும்போது சரியாக வருவது வாக்கியத்துக்குள் போனதும் பழைய வழக்கத்துக்கே திரும்பும், அதனால் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

சொற்களை அகரவரிசைப்படி எழுதிப் படிக்க வேண்டாம். வால்வாரியாக எழுதுங்கள், ஒரு பக்கம் முழுக்க 'ஷன்', அடுத்த பக்கம் முழுக்க 'இட்டி'. உங்கள் வேலையில் புழங்கும் சொற்களையே எழுதுங்கள். நர்ஸாக இருப்பவருக்கு மெ-டி-ˈகே-ஷன் தேவை, கணக்காளருக்கு டி-ப்ரீ-ஷி-ˈஏ-ஷன் தேவை.

ஒலியைச் சரிபார்க்க ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டின் இணைய அகராதிகளிலும் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு தனித்தனியாக இலவசமாகக் கேட்கக் கிடைக்கும். யூக்ளிஷ் என்ற தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் யூடியூப் காணொளிகளில் அது பேசப்படும் இடங்களை மட்டும் வரிசையாகக் காட்டும், வாக்கியத்துக்குள் சொல் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க அது நல்ல இடம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதெல்லாம் வெள்ளைக்காரர் மாதிரிப் பேசுவதற்காக அல்ல. உங்கள் ரகரம், டகரம் எல்லாம் தமிழாகவே இருக்கட்டும், அதனால் யாருக்கும் புரியாமல் போகாது. நமக்குள் பேசும்போது டெவலப்மென்ட் என்றே சொன்னாலும் ஒரு குறையும் இல்லை, இந்திய ஆங்கிலத்துக்கு அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. வெளியாரிடம் பேசும்போது, தேர்வில் பேசும்போது, ஒரு நோயாளியிடம் மருந்தைப் பற்றிச் சொல்லும்போது சொல் முதல் தடவையிலேயே போய்ச் சேர வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

பிரிட்டனும் அமெரிக்காவும் வேறுபடும் சொற்களில் குழம்ப வேண்டாம். விளம்பரம் பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட்-வர்-ˈடைஸ்-மன்ட். லபாரட்டரி பிரிட்டனில் ல-ˈபா-ர-ட்ரி, அமெரிக்காவில் ˈலாப்-ர-டோ-ரி. எந்த நாட்டுக்குப் போகப் போகிறீர்களோ, எந்தத் தேர்வை எழுதப் போகிறீர்களோ அதற்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அகராதியிலும் அந்த ஒலிபெருக்கிக் குறியை மட்டும் அழுத்திப் பழகுங்கள்.